ஒட்டாத சுவர்

கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் நான் வாழப்போனது ஒரு பழைய செங்கல் வீடு. எழுபதுகளின் கடைசியில் என் கணவர் கைத்தறியைக் கழற்றிவிட்டு நடுக்கூடத்தில் பவர்லூம் போட்டார். மூன்றாம் மாதம் கூடத்துச் சுவரில் மேலிருந்து கீழாக விரிசல் விட்டது.

அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. குழம்பு கொதிக்கும்போதே எழுந்து போய்ப் பார்ப்பேன். கைக்குழந்தையின் தூளியை மூன்று இடம் மாற்றிக் கட்டினேன். விரிசலின் குறுக்கே காலண்டர் தாளைக் கஞ்சி தடவி ஒட்டிவைத்தேன். நாலாம் நாள் அது நடுவில் கிழிந்திருந்தது.

கணவரிடம் காட்டினேன்.

"பழைய செவுரு அப்படித்தான் இருக்கும். எதுக்கு அதையே பார்த்துகினு கீறே?" என்றார், தறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். அதுவரை அவர் பேச்சை மீறியதில்லை.

"கொத்தனார் வந்து பார்க்கட்டுங்க. அப்புறம் ஓட்டுங்க."

திருத்தணியிலிருந்து வந்த கொத்தனார் பூச்சைக் கொத்தினார். விரிசலுக்கு இந்தப் பக்கம் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய மெல்லிய செங்கல். அந்தப் பக்கம் சேற்று மண்ணில் அடுக்கிய பெரிய சூளைக்கல். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கல்கூட இல்லை.

"இது ரெண்டு செவுரும்மா. சும்மா ஒட்டிகினு நிக்குது. தறி அதிர்றதுல விலகுது."

கணவர் தன் அப்பாவைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா நைனா?"

"ஆங்," என்றார் மாமனார். "முன்பாதி எங்க நைனா கட்டுனது. அது அண்ணன் பாகத்துக்குப் போச்சு. என் பாதிய நான் எழுப்பறப்போ எங்களுக்குள்ள பேச்சில்ல. அவரு செவுத்துல கல்லு கோக்கவான்னு நான் கேக்கல. அவரு வீட்ட உட்டுட்டு நகரிக்குப் போனப்புறம் ரெண்டையும் சேத்து மேல பூசிட்டேன்."

தறி பின்னாலிருந்த மாட்டுக்கொட்டகைக்குப் போனது. கொத்தனார் இரண்டு பக்கமும் கல்லைப் பெயர்த்து, சில வரிசைக்கு ஒரு கல்லாகக் குறுக்கே கோத்தார். அந்த ஐந்து நாளும் மாமனார் ஓரிடத்தில் உட்காரவில்லை. நானும் அடுப்புக்கும் கூடத்துக்குமாக அலைந்தேன்.

வேலை முடிந்த மறுநாள் காலை மாமனார் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"அண்ணன் செவுத்துல கை வெச்சுட்டோம். அவராண்ட சொல்லணும் இல்ல?"

நகரி பஸ் வரும்வரை குழந்தையோடு நானும் கூட நின்றேன். அன்று பகல் முழுக்க எனக்கு வாசலிலேயே கண். பொழுது சாய்கிற நேரத்தில் வந்தார்.

"பெரிய மாமா என்ன சொன்னாருங்க?"

"மண்ணு வெச்சுக் கட்டாதேன்னு அப்பவே சொல்ல நெனச்சேன்டான்னாரு." செருப்பைக் கழற்றினார். "எனக்குச் சோறு வேணாம்மா. அங்கேயே சாப்ட்டேன்."