பூக்கர் எழுந்திருக்கும் விதம்

கீழே விழுந்தால் எழுந்திருக்க டெமாரியஸ் பூக்கர் அவசரப்படுவதே இல்லை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவது அவன் வேலை. அவனை மறித்து வீழ்த்துவது எதிரணியின் வேலை. நாலைந்து மாமிச மலைகள் மேலே கிடக்கும்போது அடியிலிருந்து குசலம் விசாரிப்பான். "பொண்ணு பொறந்திருக்காமே, பேரு வெச்சாச்சா?" வீழ்த்தியவர்களே சிரித்துக்கொண்டு கை கொடுப்பார்கள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு கிழவனைப் போல ஒவ்வொரு காலாக ஊன்றி எழுவான். அடுத்த முறை பந்து கைக்கு வந்ததும் அதே கால்கள் பறக்கும்.

அவன் கிடக்கும் அந்த நேரத்தில், கோட்டுக்கு வெளியே நிற்கும் நான் ஹெல்மெட்டின் தாடை வாரை மாட்டிக்கொள்வேன். அவனுக்கு முடியாமல் போனால் இறங்க வேண்டியவன் நான். மூன்று சீசனாக மாட்டுகிறேன், கழற்றுகிறேன். வயிறு எரியத்தான் செய்கிறது. மறைத்து என்ன ஆகப்போகிறது? இந்த சீசனுக்குள் ஓடிக் காட்டாவிட்டால் எந்த அணியும் என்னைச் சீந்தாது.

அவன் ஓட்ஸ் கஞ்சியின் மேல்கூட மிளகாய் சாஸ் ஊற்றுவான், பயிற்சியாளர் சிரிப்பார். நான் உப்பு கொஞ்சம் கூடப் போட்டால் முறைப்பார். முப்பதை நெருங்கினாலே இந்தத் தொழிலில் மூட்டை கட்டச் சொல்லிவிடுவார்கள். இவனை மட்டும் இன்னும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

போன வாரம் உடை மாற்றும் அறையில் எல்லோர் முன்னாலும் கேட்டான்: "ஏன் கால்டர், நான் விழுந்தாப் போதும், டக்குனு வாரை மாட்டிக்கிறியே, தாடை வலிக்கல? எங்க அம்மாகூட என்னை இவ்வளவு கவனமாப் பாத்ததில்ல தம்பி."

அறையே சிரித்தது. இனி அவன் செத்தாலும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்தின் பாதிக்குப் பிறகு விழுந்தான். குவியலிலிருந்து சிரிப்பு வரவில்லை. மேலே கிடந்தவர்கள் தாங்களாகவே விலகி மண்டியிட்டார்கள். மருத்துவர் ஓடி வந்து ஹெல்மெட்டைக் கழற்றி, வலது முழங்காலைத் தொட்டார். பூக்கர் புல்லைப் பிடுங்கினான். எத்தனையோ நாள் நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டது இதுதான். ஆனாலும் வாரைத் தொங்கவிட்டபடியே நின்றேன், கை எழவில்லை.

வண்டியில் ஏற்றும்போது அவன் தலையைத் திருப்பி என்னைத் தேடினான். கண்டதும், வெறும் தாடைக்குக் கீழே கையைக் கொண்டுபோய், இல்லாத வாரை இழுத்து மாட்டிக் காட்டினான்.