போகச் சொல்லி வேண்டினேன், அவர் போகவில்லை

சென்ற தவக்காலத்தில் என் மகள் எமிலி ஓமன் நாட்டில் நிறைமாத வயிற்றோடு தனியாகக் கிடந்தாள். அவள் அங்கே நர்ஸ். மருமகனுக்குக் கப்பலில் வேலை. அப்போது கப்பல் எங்கோ நடுக்கடலில். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, எந்த நேரமும் வயிற்றை அறுத்து எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். போனில் அவள் அழவில்லை. "நீ வந்து பக்கத்துல குந்திகினா போதும்மா" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இதை நம் கோவில் அன்பியத்தின் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லுங்கள் என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். நாலு முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத வரும். எழுதித் தருகிறேன். யாராவது வாசியுங்கள். நான் பின்வரிசையில் இருந்துகொள்கிறேன்.

நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். எமிலி கல்யாணத்துக்குத் துணி எடுக்க வண்ணாரப்பேட்டை போனபோது, "முதுகுல கலீஜா கீது பாரு ஆயா" என்று ஒரு பெண் தண்ணீர் எல்லாம் ஊற்றிக் கழுவிவிட்டாள். நல்ல பெண் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் பையைக் காணோம். அன்றிலிருந்து தெருவில் யார் கூப்பிட்டாலும் நின்றதில்லை.

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் மகன் அந்தோணி என்னை அழைத்துப் போனான். வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். அங்கே அன்றுதான் விடுமுறை. எமிலி இருக்கும் ஊர் மலைக்கு அந்தப் பக்கம். பஸ் எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் வாடகைக்குக் கார் எடுத்தான். கார் கொடுத்த பையன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தான். எனக்குச் சந்தேகம். "நீயும் எட்த்துக்கோடா, நாளைக்கு ஒரு கீறலைக் காட்டி வம்புக்கு வருவான்" என்றேன். அந்தோணியும் எடுத்துக்கொண்டான்.

நம் ராயபுரத்தில் சைக்கிள் வாங்கினால்கூடக் கோவில் வாசலில் நிறுத்தி, சாமியார் தீர்த்தம் தெளித்த பிறகுதானே ஏறுவோம். இந்தக் கார் மந்திரிக்காத கார். மடியில் வைத்திருந்த வேளாங்கண்ணி எண்ணெயைத் தொட்டு முன்பலகையில் ஒரு சிலுவை போட்டேன்.

"இன்னாம்மா நீ, வாடவை வண்டில எண்ணெய் தடவிகினு. அவன் வெச்சி செய்வான்."

"மாதா பாத்துப்பா. நீ ரோட்டைப் பாரு."

அந்த ஊரில் ஸ்டீரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம். நம் வண்டியில் வலக்கையால் தட்டுகிற இண்டிகேட்டர் அங்கே இடக்கைக்கு இருந்தது. அந்தோணி ஒவ்வொரு திருப்பத்திலும் இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவான். சொட்டு மழை இல்லை. வைப்பர் மட்டும் கிரீச் கிரீச் என்று ஆடியது. "கண்டெய்னரே ஓட்றவன்டா நீ" என்று கிண்டல் செய்தேன். அவனுக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

வழி சொன்னது போனில் வருகிற ஒரு பெண்குரல். அதையும் நான் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் அது எங்களைப் பெரிய ரோட்டை விட்டு இறக்கி, மலைக்கு நடுவே ஒரு சின்ன ரோட்டில் விட்டது. சீக்கிரம் போய்விடலாம் என்று காட்டியதாம். மகளை நினைத்து நானும் சரி என்றுவிட்டேன்.

அங்கேதான் அந்த வெள்ளை பிக்கப் வண்டி பின்னால் வந்தது. லைட்டை அணைத்து அணைத்துப் போட்டான் அதிலிருந்த ஆள்.

"வழி வுடு, முன்னாடி போவட்டும்."

"வுட்டேம்மா. போவ மாட்றான்."

பக்கத்தில் உரசுகிற மாதிரி வந்தான். தாடி வைத்தவன், தலையில் பூப்போட்ட குல்லா. கையை வெளியே நீட்டிக் கீழே கீழே காட்டினான்.

"டயரைக் காட்றான்மா. எண்ணூர் ரோட்டு வேலை இங்கயும் கீது பாரு."

எண்ணூர் ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். பைக்கில் பக்கத்தில் வந்து, காற்று இறங்கிவிட்டது என்று டயரைக் காட்டுவான். டிரைவர் குனிந்து பார்ப்பதற்குள் போனும் பையும் போய்விடும். "நிறுத்தாத நைனா, அழுத்து" என்றேன். ஜெபமாலையை எடுத்தேன். மாதாவே, என் மகளிடம் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு, இந்த ஆளை எங்களை விட்டுப் போகச் செய். இதையே சொன்னேன். ஒவ்வொரு மணியை உருட்டும்போதும் அவன் இன்னும் நெருங்கித்தான் வந்தான். மாதா கேட்கவில்லையே என்று மனம் விட்டுப்போயிற்று.

ரோடு ஒரு பள்ளத்தில் இறங்கியது. வெறும் கூழாங்கல் படுகை. ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட கம்பங்கள். எதற்கென்று எங்களுக்குத் தெரியவில்லை. பள்ளத்தில் பாதி இறங்கியபோது, அவன் எங்களை முந்திப் போய்க் குறுக்கே நிறுத்தினான். இறங்கி வந்தான். கையில் தடி.

"எறங்காத. கண்ணாடிய எறக்காத." பையை அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். அவன் தடியால் கண்ணாடியைத் தட்டினான். ஏதோ கத்தினான். மூடிய கண்ணாடியில் ஒன்றும் விளங்கவில்லை. இதோடு முடிந்தது, எமிலிக்கு யார் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

அப்போது தட்டுவதை விட்டுவிட்டு, தடியை நீட்டி மலைப்பக்கம் காட்டினான். அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் ஏசி வழியாக ஒரு வாசனை வந்தது. நான் பிறந்தது முகத்துவாரக்குப்பம். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் திரண்டு கடலுக்குப் பாயும்போது முன்னால் ஒரு சேற்று வாசனை வரும். அதே வாசனை, அந்தக் காய்ந்த மலையில்.

நான் கண்ணாடியை இறக்கினேன்.

"பானி, அம்மா. பானி" என்றார்.

அந்த வார்த்தை எங்கள் தெருவில் வேலைக்கு வந்திருக்கும் வடக்கத்திப் பிள்ளைகள் வாயில் தினமும் கேட்பது. "தண்ணி வருதுடா, பின்னால எடு" என்று கத்தினேன். அந்தோணி பின்பக்கமாகவே மேட்டுக்கு ஏற்றினான். நாங்கள் ஏறும் வரை அந்த மனிதர் தன் வண்டியை எடுக்கவில்லை. அவர் ஏறும்போது தண்ணீர் பின் சக்கரத்தைத் தொட்டுவிட்டது. பழுப்பாக, வேரோடு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. கம்பத்தின் கோடுகள் ஒவ்வொன்றாக முங்கின. எங்கள் கார் நின்ற இடம் தெரியவில்லை. அவர் அரைகுறை இந்தியில் சொன்னதை அந்தோணி எனக்குச் சொன்னான். எங்கோ உச்சியில் மழை பெய்து, வானம் வெளுத்திருக்கும் இடத்தில் ஆறு வருமாம். வேறு பக்கம் போக வேண்டியவர், நாங்கள் இந்த ரோட்டில் திரும்புவதைப் பார்த்துப் பின்னால் வந்திருக்கிறார். கையைக் கீழே காட்டியது டயரை அல்ல, வேகத்தைக் குறை என்று.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எமிலி ஊருக்குப் போகிற வழியில் அவர் வீட்டில் நிறுத்தி, அவர் மனைவி பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தபோது நான் குடிக்கவில்லை. மயக்க மருந்து இருக்குமோ என்று அந்தோணி முகத்தையே பார்த்திருந்தேன். அவன் இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினான்.

மேட்டு ரோட்டில் ஆஸ்பத்திரி வாசல் வரை அவர் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். எமிலியை ஆபரேஷனுக்குத் தள்ளிப்போகும் நேரத்தில் கையைப் பிடித்துவிட்டேன். "இன்னாம்மா, மூஞ்சியெல்லாம் மண்ணு" என்று சிரித்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். அந்தோணி வெளியே ஓடி அவரிடம் சொன்னான். அவர் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்திவிட்டு வண்டியில் ஏறினார். பேர் கேட்க எனக்குக் கூச்சம். ஜெபமாலையில் வெள்ளை வண்டிக்காரர் என்றே சொல்கிறேன். மாதாவுக்கு யாரென்று தெரியும்.

நான் இரண்டு வரம் கேட்டேன். ஒன்றைக் கொடுப்பதற்காக மாதா மற்றதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டாள். அந்த ஆள் போகவில்லை, அதனால் நான் மகளிடம் சேர்ந்தேன். மாதாவுக்கு என் உயிர் உள்ளவரை நன்றி. கேட்டது கிடைக்காமல் மனம் விட்டுப்போய் இங்கே உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். அவள் காது கேட்காதவள் இல்லை.

போன வாரம் வண்ணாரப்பேட்டையில் ஆட்டோவில் போகும்போது பைக்கில் வந்த ஒரு பெண், "ஆயா, முந்தானை சக்கரத்துல மாட்டப்போவுது பாரு" என்று கத்தினாள். முன்பென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன். அன்றும் முதலில் பையைத்தான் இறுக்கிப் பிடித்தேன். ஆனால் குனிந்து பார்த்தேன். முந்தானை சக்கரத்துக்கு ஒரு விரல் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.