புகை விடாத வீட்டுக்காரர், என் தம்பி

எனக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. ஐந்து பேரை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். அவர்களுக்கெல்லாம் முன்னால் என் இடுப்பில் ஏறி உட்கார்ந்தவர் என் தம்பி. அவர் சாமியிடம் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி அத்தைதான் எழுத வேண்டும் என்று அவருடைய ஒரே மகள் தேவகி சொல்லிவிட்டாள். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ் போர்டைக் கூட்டிப் படிக்க வரும், அவ்வளவுதான். அதனால் நான் சொல்கிறேன், என் பேத்தி கீர்த்தனா எழுதுகிறாள்.

நாங்கள் பிறந்தது ஆரம்பாக்கம். எங்கள் நைனாவுக்கு அங்கே நெல் விளைகிற நிலம் இருந்தது. ஆந்திரா பக்கம் என்பதால் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். தம்பி தவழ்கிற வயதிலேயே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்குக் குளிப்பாட்டல், சோறு ஊட்டல், அடி, கொஞ்சல் எல்லாம் நான்தான். கல்யாணமாகிக் காக்களூருக்கு வந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரர் முகம் சுளிக்கவில்லை. அந்தப் புண்ணியவானையும் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி திருவள்ளூரில் படித்தார், ஐ.டி.ஐ. முடித்தார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற மில் ஒன்றில் வேலை கிடைத்தது. நைனாவைத் தனியாக விடக்கூடாது என்று ஆரம்பாக்கத்துக்கே திரும்பிப் போய்விட்டார். ஸ்டேஷன் வரைக்கும் சைக்கிள், அங்கிருந்து ரயில். ஷிப்ட் முடிந்து வந்தால் மூக்கைச் சிந்தினால் கூடக் கறுப்பாக வரும். நைனா சாகும்வரை அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தது தம்பிதான். சரளாவைக் கட்டிக்கொண்டார். தேவகி பிறந்தாள்.

அந்தக் குழந்தைக்கு இழுப்பு இருந்தது. பனி விழுந்தால் இழுக்கும், தூசி பட்டால் இழுக்கும். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த புதிதில் ஒரு போகி வந்தது. எங்கள் பக்கத்தில் போகி என்றால் விடியும் முன்னே தெருவில் பழைய பாய், கூடை, துணி எல்லாம் எரிப்பார்கள். பிள்ளைகள் சின்ன மேளம் வாங்கி அடித்துக்கொண்டு சுற்றி வருவார்கள். கொஞ்ச காலமாக அந்த நெருப்பில் டயரும் பிளாஸ்டிக்கும் விழ ஆரம்பித்திருந்தன. அன்றைக்கு தேவகியும் மேளத்தோடு நின்றாள். நெருப்பில் விழுந்ததில் பாதி தம்பி வீட்டுக் குப்பை. கரும்புகை திரும்பியதும் மேளம் கீழே விழுந்தது. குழந்தையின் உதடு நீலம் பாரித்துவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடினார் தம்பி.

பொங்கலன்று நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு திரும்பியிருந்தது. குழந்தை கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். டாக்டர், இந்த ஊர்க் காற்று இவளுக்கு ஆகாது, வேறு எங்கேயாவது வைத்து வளருங்கள் என்று சொல்லிவிட்டாராம். நான் உடனே கேட்டேன்.

"எங்கிட்ட குடுத்துடுடா. உன்னை வளத்தவளுக்கு உம் பொண்ணை வளக்கத் தெரியாதா?"

"காக்களூர்ல மட்டும் இன்னா யக்கா, மல்லிப்பூ வாசனையா வருது? அங்கயும் கம்பெனிதான."

"இங்க இருக்கிற மாதிரி இல்ல."

அவர் குழந்தையின் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டார். பிறகு சொன்னார்: "மில்லு பொகைய என்னால நிறுத்த முடியாது. அதுல தான் சோறு துன்றோம். ஆனா நேத்து எம் பொண்ணு நெஞ்சுல பூந்தது மில்லு பொகை இல்ல. நம்ம ஊட்டுக் குப்பை. அத நிறுத்துறேன். எம் பொண்ணு எங்க ஊட்லயேதான் மூச்சு உடுவா."

ஆம்பளை வீம்பு என்று நினைத்தேன். இல்லை. அந்த வாரமே குப்பை கொளுத்துவது நின்றது. கொல்லையில் இரண்டு குழி வெட்டினார். காய்த் தோலும் சாம்பலும் ஒன்றில். அது நிறைந்தால் மண் போட்டு மூடி அடுத்தது. பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துச் சாக்கில் கட்டி, பழைய சாமான் கடைக்குச் சைக்கிளில் கொண்டு போவார். கிழிந்த துணி மில்லில் மெஷின் துடைக்கப் போகும். அப்புறம்தான் யோசித்தார், வீட்டுக்குள் வந்தால்தானே வெளியே போட வேண்டும் என்று. எண்ணெய்க்கு கேன், மளிகைக்குத் துணிப்பை, கறிக்கடைக்குத் தூக்கு. கறிக்கடைக்காரர் சும்மா இருப்பாரா?

"வாங்க மில்லுக்காரரே! சீர்வரிசை தூக்கிக்கினு வர்றா மாதிரி வரீங்களே!"

"நீ ஒரு எலும்பு சேத்துப் போடு, சீரு கணக்குல வெச்சிக்கலாம்."

அந்தக் கடையில் இப்போது பாதிப் பேர் தூக்கோடு நிற்கிறார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

குளித்த தண்ணீர் வாழைக்குப் போனது. மாடியில் விழும் மழைத் தண்ணீரைக் குழாய் வைத்துக் கிணற்றில் விட்டார். எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை சாண எரிவாயுத் தொட்டி. சரளா விறகு அடுப்பில்தான் மாட்டுக்குத் தவிடு கஞ்சியும் குளிக்க வெந்நீரும் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையும் நிற்க வேண்டும் என்று, விவசாய ஆபீஸில் விசாரித்துக்கொண்டு வந்து கொல்லையில் தொட்டி கட்டினார். தொட்டி நிறையச் சாணி கரைத்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். அடுப்பில் ஒன்றும் வரவில்லை. தெருவுக்கே சிரிப்பு. பக்கத்து வீட்டு ரமணம்மா மதில் மேல் தலையை நீட்டி, "இன்னா அண்ணே, இட்லி மாவா? புளிச்சிச்சா?" என்று தினமும் கேட்பாள். ஒரு நாள் காலையில் சரளா தீக்குச்சி கிழித்தபோது நீலமாக எரிந்தது. முதல் காபி எனக்கு என்று சொல்லி, ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார்கள்.

"அண்ணி, சாணி நாத்தம் வருதா பாத்து சொல்லுங்க," என்றாள் சரளா.

"சக்கரைதான் கம்மி," என்றேன். தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

போகியை அவர் விடவில்லை. வீட்டைக் கழுவிக் கோலம் போட்டு, நடுவில் ஒரு குத்துவிளக்கை ஏற்றி வைப்பார். தேவகி அதைச் சுற்றி மேளம் அடிப்பாள். கஞ்சன் வீட்டுப் போகி என்று கேலி செய்த வீட்டுப் பிள்ளைகளே பிறகு மேளத்தோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். தெரு மொத்தமும் மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். தெருமுனையில் இன்றைக்கும் டயர் எரிக்கிறார்கள். சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் தேவகி அந்த வீட்டிலேயே வளர்ந்தாள், அங்கிருந்தே காலேஜ் போனாள். இழுப்பு முழுதாகப் போகவில்லை. மருந்துக் குழல் கைப்பையில் இருக்கும். ஆனாலும் நான் கேட்ட மாதிரி வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரவில்லை. பொன்னேரியில் வாழப் போனபோது கல்யாணப் பெண்ணாகத்தான் போனாள். மருமகன் மாமனாருக்கு ஒரு மோட்டார் பைக் வாங்கிக் கொடுத்தார். தம்பி அதைத் தினமும் மரியாதையாகத் துடைத்து வைப்பார். ஏறிப் போவது சைக்கிளில்.

ரிட்டையர் ஆன பிறகு முழு நேரமும் நிலம், மாடு, தொட்டி என்றே இருந்தார். ஐப்பசி மழையில் ஒரு நாள் வரப்பு வெட்டிவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். "யக்கா, மாட்டுக்குத் தண்ணி காட்டினாங்களா கேளு," என்றதுதான் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

இனிமேல் சொல்லப்போவதற்காகத்தான் தேவகி என்னை எழுதச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

தம்பிக்கு மகன் கிடையாது. என் நைனாவுக்கு நான்தான் கொள்ளி போடுவேன் என்று தேவகி எழுந்து நின்றாள். எங்கள் பெரியண்ணன், பெரியப்பா மகன், வீட்டுக்குப் பெரியவர், ஒத்துக்கொள்ளவில்லை. பொம்பளை சுடுகாட்டுக்கு வருவது வழக்கம் இல்லை என்றார். அப்போது சுடுகாட்டில் வேலை பார்க்கும் தேவராஜ் வாசலில் வந்து நின்றார். நாலு நாள் மழையில் கட்டையெல்லாம் ஊறிக் கிடக்கிறது, அடியில் இரண்டு டயர் வைத்தால்தான் பிடிக்கும், கொண்டு வந்துவிட்டேன் என்றார். மழைக் காலத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெரியண்ணன் என்னைப் பார்த்தார். "கேட்டியாம்மா? வழக்கத்தைக் கூட உடு. டயரு பொகையில இதுக்கு இழுத்துக்கினா இன்னா பண்ணுவ? இன்னொரு பாடை கட்டுவியா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. தேவகி அழக்கூடச் செய்யாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குப் போகியில் அந்தப் புகை அவளைக் கொல்லாமல் விட்டது பெரிய விஷயம். அதை ஒரு பொட்டு கூட விடாமல் இத்தனை வருஷம் வீட்டை நடத்தியவரைக் கடைசியில் அதிலேயே எரிப்பதா? அதற்காக அவர் மகளை வாசலோடு நிறுத்துவதா? எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் தானாக உயர்ந்துவிட்டது.

"டயரு இல்லாம எரிஞ்சா இவ வரலாம் இல்ல?"

"எரிஞ்சா வரட்டும். எப்படி எரியும்?"

"காஞ்ச வறட்டி நெறைய இருந்தா பிடிக்கும்மா," என்றார் தேவராஜ். "கட்டையைவிட அதுதான் நின்னு எரியும். உங்க ஊட்ல தான் மாடு கீதே, எடுத்துக் குடுங்க."

நானும் சரளாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். எடுத்துக் கொடுக்க என்ன இருக்கிறது? மாட்டின் சாணி அத்தனையும் தொட்டிக்கல்லவா போனது! இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுச் சுவரில் ஒரு வறட்டி தட்டியது கிடையாது. அடுப்புக்கு வேண்டாம் என்றால் அத்தோடு தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். கடைசிக் காரியத்துக்கு வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பிக்கே தோன்றவில்லை.

கூட்டத்திலிருந்து ரமணம்மாவின் குரல் வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "ஊட்ல ரெண்டு மாடு, ஒரு வறட்டி இல்ல! அண்ணே, நீ போறப்போ கூட எங்களைச் சிரிக்க வெச்சிட்டுதான் போற." சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனாள். பரண் மேல் மழைக்கு ஒளித்து வைத்திருந்த வறட்டியைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் இறக்கினாள். அதைப் பார்த்து எதிர் வீட்டுக்காரி போனாள். அப்புறம் பின் தெரு. கூடை, அன்னக்கூடை, முறம், புடவை முந்தானை, எது கிடைத்ததோ அதில் வந்தது. கறிக்கடைக்காரரின் மனைவி குடையைத் தன் தலைக்குப் பிடிக்காமல் வறட்டிக்குப் பிடித்துக்கொண்டு வந்தாள். தம்பியோடு மில்லில் வேலை பார்த்தவர்கள் தார்ப்பாய் போட்டு மூடி வண்டியில் ஏற்றினார்கள். தேவராஜ் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தாராளமா போதும்," என்றார். டயரைத் தானே உருட்டிக்கொண்டு போய்த் தெருமுனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பெரியண்ணன் வண்டியைப் பார்த்தார். கொள்ளிச் சட்டியை அவரே எடுத்து தேவகி கையில் கொடுத்தார்.

நானும் போனேன். அங்கே தகரக் கூரை இருக்கிறது, மழை மேலே விழாது. வறட்டியை வட்டமாக அடுக்கி, வைக்கோல் பரப்பி, சேறு பூசினார்கள். தேவராஜ் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, தேவகியை அதற்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினார். அவள் கொள்ளி வைத்தாள். வறட்டிப் புகையும் புகைதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வெளுப்பாக எழுந்து கூரையைத் தாண்டி வயல் பக்கம் போய்விட்டது. யாருடைய வீட்டுக்குள்ளும் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து தேவராஜ் வந்து, "இன்னாம்மா, மூச்சு எப்படி கீது?" என்று கேட்டார்.

"நல்லா வருதுண்ணே," என்றாள் தேவகி.

மருந்துக் குழல் மருமகன் சட்டைப் பையிலேயே இருந்தது. கடைசி வரை அதை வெளியே எடுக்கவில்லை. என் தம்பிக்கு அவர் மகள் நின்று, நிமிர்ந்து, மூச்சு விட்டுக்கொண்டு வழியனுப்பினாள். ஊரில் எத்தனையோ பெரிய சாவைப் பார்த்திருக்கிறேன். பேண்டு, பட்டாசு, பூப்பல்லக்கு எல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு மரியாதை எவருக்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை.

சரளா மாட்டை விற்கவில்லை. தொட்டி ஓடுகிறது. ஒரு மாற்றம் மட்டும். வாரத்தில் ஒரு நாள் சாணியைத் தொட்டியில் போடாமல் வறட்டி தட்டிக் காயவைக்கிறாள். தெருவில் யாருக்கு எப்போது வேண்டியிருக்குமோ என்று.

தம்பியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டர், நர்சம்மாக்களுக்கும், மழையில் நனைந்து வந்த சொந்தபந்தங்களுக்கும், மில் நண்பர்களுக்கும், வழக்கத்தைவிடப் பிள்ளையைப் பெரிதாக நினைத்த பெரியண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. ரமணம்மாவுக்கும், வறட்டி கொண்டு வந்த ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு ஒரு நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் சரளா வீட்டு வாசல் திறந்திருக்கும். பிடிக்கிற நெருப்பு எது, பிடிக்கக் கூடாத நெருப்பு எது என்று அறிந்து, கொண்டு வந்த டயரைத் திருப்பிக் கொண்டு போன தேவராஜ் அவர்களுக்கு என் தனி வணக்கம்.

கீர்த்தனா, தேவராஜ் பேருக்குப் பின்னாடி 'அவர்கள்' போட்டியா? பெரியண்ணனுக்கு எவ்ளோ பெரிய எழுத்தோ அவருக்கும் அவ்ளோ பெரிய எழுத்துல வரணும்னு அச்சுக்காரங்க கிட்ட சொல்லு. சரி, மொதல்லேர்ந்து படி கண்ணு. சத்தமா படி, உங்க தேவகி அத்தையும் வந்து உக்காந்துட்டா.