ஆனந்தவள்ளி வாய்விட்டுப் படிப்பார்

உப்பிலியபுரம் பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் உட்கார்ந்து, அடுத்தவர் மனுவை உரக்கப் படித்துக்கொண்டிருக்கிறார் ஆனந்தவள்ளி. பெயர், கதவு எண், குழாயில் தண்ணீர் நின்ற தேதி, ஒன்றும் விடுவதில்லை. மனுவுக்கு உரியவர் எதிரே நின்று வரிக்கு வரி தலையாட்ட வேண்டும். ஆட்டாவிட்டால் அடுத்த வரிக்குப் போகமாட்டார். “உங்க கஷ்டம் மொதல்ல உங்களுக்குப் புரியணுங்க. அப்பத்தான் ஆபீசருக்குப் புரியும்” என்பார்.

ஒன்றியக் கவுன்சிலர். வயது நாற்பத்தாறு. சத்துணவுக் கூடத்தில் பதினெட்டு வருடம் பார்த்த சமையல் வேலையை விட்டுவிட்டுத் தேர்தலில் நின்றவர். பச்சைமலை அடிவாரத்தில் ஏழு சிற்றூர்கள் அவர் பொறுப்பு. பதவியேற்ற புதிதில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும், கூட வந்த கணவர் பிச்சமுத்துவுக்குத்தான் நாற்காலி போட்டார்கள். “கவுன்சிலர் நான்தாங்க. அவரு வண்டி ஓட்ட வந்தாரு” என்று ஒருநாள் சொன்னார். அதன்பின் பிச்சமுத்து வெளியே டீக்கடையில் பேப்பர் பார்ப்பதோடு சரி. அதில் அவருக்கு வருத்தமும் இல்லை.

அலுவலகங்களில் கொடுக்கும் டீயை ஆனந்தவள்ளி குடிப்பதில்லை. குடித்துவிட்டால் கோபம் வராதாம்.

போன ஆவணியில், அந்த ஏழில் ஒன்றான மேலக்கரட்டுக்கு நோட்டீஸ் வந்தது. முப்பத்தெட்டு வீடுகள் ஏரிக்குள் கட்டப்பட்டிருக்கின்றன, இருபத்தோரு நாளில் காலி செய்ய வேண்டும் என்று கண்டிருந்தது. ஊர் பதறிப்போனது. சிலர் அன்றே சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு இடம் கேட்டார்கள். ஆனந்தவள்ளியும் உள்ளுக்குள் ஆடித்தான் போனார். ஏரி ஆக்கிரமிப்பு என்றால் கோர்ட்டுக்குப் பயந்து எந்த அதிகாரியும் வாய் திறக்கமாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பழக்கத்தை விடாமல், அந்த ஊரில் கல்லுடைக்கும் வேலைக்குப் போகும் மாரியாயியை எதிரே நிற்கவைத்து நோட்டீஸைப் படித்தார். புல எண் இருநூற்றுப் பதினான்கு என்ற இடத்தில் மாரியாயி தலையாட்டவில்லை.

“இருநூத்தி நாப்பத்தொண்ணு இல்லீங்களா? எங்க பட்டாவுல அப்படித்தான் இருக்கு” என்றார்.

எழுதும்போதோ கணினியில் ஏற்றும்போதோ கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. இருநூற்றுப் பதினான்கு ஏரிதான். ஊர் இருந்தது இருநூற்று நாற்பத்தொன்றில்.

அதைச் சொல்லப் போனால் கேட்பாரில்லை. நோட்டீஸ் அனுப்பிய அலுவலகத்தில், கணினியில் இருப்பதுதான் கணக்கு என்றார்கள். திங்கட்கிழமை திருச்சிக்குப் போய், கலெக்டர் அலுவலக மனுநாள் வரிசையில் மாரியாயியோடு மூன்று மணி நேரம் நின்றார். மறுபடி அளந்து பார்க்க உத்தரவு கிடைத்தது. அளக்க வர வேண்டிய சர்வேயர் இரண்டு முறை தேதியை மாற்றினார். நோட்டீஸ் வந்த பதினெட்டாம் நாள் ஆனந்தவள்ளி அவர் மேசைக்கு எதிரே போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

“இன்னிக்கு நீங்க வர்ற வரைக்கும் இங்கயே நிக்கிறேங்க. எனக்கு வேற சோலி இல்ல.”

மதியம் சர்வேயர் வந்தார். சீமைக்கருவேலம் புதருக்குள் புகுந்து எல்லைக்கல்லைத் தேடிப் பிடித்தது ஊர்ப் பெண்கள். கல்லிலிருந்து நாடாவை இழுத்து அளந்ததில், ஏரி எல்லை கடைசி வீட்டுக்கு எண்பது அடி தள்ளியே நின்றுவிட்டது. சர்வேயர் மறுபடியும் ஒருமுறை அளந்தார். பிறகு, “வீடுங்க எல்லாம் வெளியதாம்மா இருக்கு” என்றார். யாரும் கைதட்டவில்லை. ஒரு கிழவர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் நாள் நோட்டீஸ் ரத்தான உத்தரவு கைக்கு வந்தது. ஆனந்தவள்ளி அதை எடுத்துக்கொண்டு நேரே மேலக்கரட்டுக்குப் போனார். மாரியாயி வீட்டில் பாத்திரங்கள் மூன்று சாக்குகளில் கட்டிக்கிடந்தன. சுவரில் மாட்டியிருந்த படங்களையும் கழற்றிப் பழைய புடவையில் சுற்றி வைத்திருந்தார். செய்தியைக் கேட்ட பிறகும் எதையும் பிரிக்காமல், நிலைக்காலைப் பிடித்தபடியே நின்றார். நிஜந்தானா என்று இரண்டு முறை கேட்டார்.

ஆனந்தவள்ளி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். முதல் சாக்கின் முடிச்சு இறுகிக் கிடந்தது. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே கைவிட்டுச் சோற்றுப்பானையை எடுத்து, முந்தானையால் ஒருமுறை துடைத்து, அடுப்பின் மேல் வைத்தார்.