கீழே பன்னிரண்டு படி

நிலவறை துடைத்துப் பிழைக்கிறவனுக்கு வெயில் கிடைப்பது படியேறிய பிறகுதான். இத்தாலியின் பலெர்மோ நகரில் என்னைப் போல வாளியும் விளக்குமாறுமாகத் திரிந்த தோழர்களே, தொண்ணூறுகளில் எனக்கு வாய்த்தது வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய மாளிகை. அதன் நிலவறைக் கல் வளைவுகள் பல நூறு வருடம் பழையவை. வீட்டுக்காரி அறுபதைத் தாண்டிய விதவை; சிஞ்ஞோரா, அதாவது அம்மணி, என்றுதான் கூப்பிடுவேன்.

செருப்பு

முதல் நாள் படியிறங்கியதும் ஈரக் கல்லின் குளிரும் மங்கல் வெளிச்சமும் சேர்ந்து கோயில் மூலஸ்தானத்துக்குள் வந்துவிட்டது போலிருந்தது. என்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டேன். தரைக்கு அடியில் எங்கோ தண்ணீர் ஓடுகிற சத்தம். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது. சிஞ்ஞோரா வந்து என் வெறுங்காலைப் பார்த்தார்.

"கீழ ஒரு ஆறு ஓடுது, ஊர் அதுக்கு மேல வீடு கட்டிப்போட்டுது. நீ அதைக் கேட்டுக்கொண்டு நிண்டா ஆர் துடைக்கிறது?"

அறை

யாழ்ப்பாணத்தில் இருந்த என் மனைவி வசந்தியை இத்தாலிக்குக் கூப்பிட வேண்டுமென்றால், தனியாகக் குடியிருக்க இடம் உண்டென்று குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் கடதாசி காட்ட வேண்டும். நானோ பொலிதேயாமாப் பக்கம் ஓர் அறையில் ஐந்து பேரோடு. சிஞ்ஞோராவின் மொட்டைமாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடந்தது. கேட்கத்தான் வாய் வரவில்லை. நிலவறையில் நின்று, "சிஞ்ஞோரா, அந்த அறை..." என்று தூண்களுக்குச் சொல்லிப் பழகினேன். என்னோடு தங்கியிருந்த மன்னார் அந்தோனியிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான்.

"தூண் ஓமெண்டு சொன்னா குவெஸ்தூராவில ஏற்பினமோ? மேல போய் அவவிட்டையே கேளுங்கோ அண்ணை."

வெடி

நகரத்துப் புனிதையின் திருநாள். நடுப்பகலில் திடீரென்று வெடிகள் அதிர்ந்தன. பலகணியில் நின்ற சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலவறையின் பன்னிரண்டு படியும் இறங்கிவிட்டேன். வளைவின் மூலையில் குந்த வைத்து அவர் தலையை அமத்திப் பிடித்தேன். ஊரில் பதுங்கு குழிக்கு ஓடிப் பழகிய உடம்புக்குத் திருநாள் ஏது?

மேலே பாண்டு வாத்தியம் கேட்டபோதுதான் செய்த காரியம் விளங்கியது. வேலை போச்சு, அறை போச்சு, வசந்தி வருவதும் போச்சு என்று கணக்குப் போட்டேன். சிஞ்ஞோரா தலையிலிருந்த என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"உலகச் சண்டைக் காலத்தில என்ர அம்மாவும் என்னை இந்த மூலைக்குத்தான் இழுத்துக்கொண்டு வந்தவ. உனக்கு ஊரில ஆர் இருக்கினம்?"

வசந்தி

அடுத்த மாசியில், சிஞ்ஞோரா திறந்துவிட்ட மொட்டைமாடி அறைக்கு வசந்தி வந்து சேர்ந்தாள். பெருமையோடு நிலவறையைக் காட்டக் கூட்டிப்போனேன். பாதிப் படியிலேயே நின்றுவிட்டாள். வளைவுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நல்ல பலமான பங்கர்தான். ஆனா நான் வரேல்லை. மேல போய் வானத்தைப் பாக்கப்போறன். இஞ்சை அது குண்டு போடாம சும்மா கிடக்குது."

ஆகவே தோழர்களே, அந்த நிலவறையைத் துடைப்பதும் அங்கே நின்று கனவு காண்பதும் கடைசிவரை என் தலையில்தான் விழுந்தன.