சலீம் நானாவின் கோப்பி மெஷினுக்குக் காய்ச்சல் பார்த்த கதை

வெள்ளிக்கிழமை காலை பட்டறையில் ஒரு பழைய பிரிட்ஜைக் கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. காத்தான்குடியிலிருந்து சலீம் நானாவின் மகள். "மாமா, வாப்பா மௌத்தாகிட்டார்" என்றாள். ஜும்ஆவுக்குப் பிறகு அடக்கம் என்று பின்னால் யாரோ சொல்வது கேட்டது. கல்லடிப் பாலத்தில் போகும்போதுதான் கையெல்லாம் கிறீஸ் என்பதையே கவனித்தேன்.

மட்டக்களப்பில் வாவியோரத்து அந்தச் சின்னக் கடையில் கோப்பி குடித்த உங்களுக்கு சலீம் நானாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த மெஷின் வந்த கதை எல்லாருக்கும் தெரியாது. கடல் வந்து ஊரை அள்ளிய பிறகு நிவாரண வேலைக்கு வந்த ஓர் இத்தாலிக்காரர் அதைத் தன்னோடு கொண்டுவந்திருந்தார். கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டால், உள்ளிருக்கும் சுருள்கம்பி மெல்ல விரிந்து கொதிநீரைக் கோப்பித் தூளுக்குள் தள்ளும். ஊரில் அதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள், கட்டாரில் ஹோட்டல் ஒன்றில் அதே வேலை பார்த்துவிட்டு வந்த சலீம் நானா. இத்தாலிக்காரர் போகும்போது அவரிடமே கொடுத்துவிட்டுப் போனார். நானாவின் மச்சினன் கடைக்கு இடம் கொடுத்தார்.

அந்த மெஷினில் ஒரு தொல்லை. தண்ணீர் இறங்கும் பித்தளைத் தலை ஒவ்வொரு கோப்பைக்கும் சூடேறிக்கொண்டே போகும். முதல் இரண்டு கோப்பை அமிர்தம், நாலாவது கரி. கட்டாரில் நானா பித்தளையில் உள்ளங்கையை ஒரு கணம் வைத்தே சூட்டைச் சொல்லிவிடுவாராம். கூடினால் ஈரத்துணியைச் சுற்றிக் காத்திருப்பார். ஆனால் கடல் ஊரை அள்ளிய அன்று கூரைத் தகடு ஒன்று அவருடைய வலது மணிக்கட்டை வெட்டியிருந்தது. காயம் ஆறியது, உள்ளங்கையில் உணர்வு வரவில்லை. அதை அவர் யாருக்கும் சொல்லவுமில்லை. ஒரு நாள் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. தோல் கருகும் மணம் வந்த பிறகுதான் பக்கத்தில் நின்றவர்கள் இழுத்து எடுத்தார்கள்.

கட்டுப்போட்ட கையோடு என் பட்டறைக்கு வந்தார்.

"தம்பி, என்னைக் காசு மேசையில குந்த வைக்கப் போறாங்க. மெஷினுக்கு வேற ஆள் போடுறதாம். நீ இதுக்கொரு காய்ச்சல் பாக்கிற சாமான் பூட்டித் தா."

"இடக்கையால பாருங்களன் நானா."

"அதுக்கென்ன தெரியும்? அது இவ்வளவு காலமும் கோப்பை பிடிச்ச கை."

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. வீடும் போய், சேர்த்ததும் போய், அந்த மெஷினடியில் நிற்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. அதையும் பறித்தால் மனிதர் உடைந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது.

மாங்கேணியில் மீன் குளிரறைகளுக்குப் பூட்டுவதற்காக நான் வாங்கி வைத்திருந்த பெட்டி ஒன்று கிடந்தது. சூட்டைச் சிவப்பு இலக்கத்தில் காட்டும், தேவைப்படி கரண்டை விடும், வெட்டும். அதைக் கடைக்குக் கொண்டுபோய், அதன் உணரியைப் பித்தளைத் தலையில் இறுக்கிக் கட்டி, வயரை மெஷினின் ஹீட்டருக்குக் கொடுத்தேன். தொண்ணூற்று மூன்றில் நிறுத்தச் சொன்னார் நானா. மெஷின் சூடாகவே இல்லை. ஹீட்டர்தான் பழுது என்று நினைத்து, நேரடியாகக் கரண்ட் கொடுத்துச் சூடாக்கிப் பார்த்தேன். நன்றாகவே சூடேறி, தொண்ணூற்று மூன்றையும் தாண்டியது. பிறகு பெட்டியின் பொறுப்பில் விட்டேன். அது வெட்டவில்லை. இலக்கம் நூற்றை நெருங்கியது, நிற்கவில்லை. திடீரென்று பாதுகாப்பு வால்வு திறந்து ஆவி வீரிட்டது.

வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பக்கம், பீரங்கிச் செல் விழுந்துகொண்டிருந்த காலம் அது. தெருவே நிலத்தில் படுத்துவிட்டது. சைக்கிளில் போனவர் சைக்கிளோடு விழுந்தார். நானா மேசைக்கடியில், நான் அவருக்குப் பக்கத்தில். நான் ஊர்ந்துபோய் வயரைப் பிடுங்கினேன். அப்போதுதான் விளங்கியது. குளிரறைப் பெட்டி சூடு கூடினால்தான் கரண்டை விடும், குளிர்ந்தால் வெட்டும். குளிராக்கியே சோறு தின்ற நான் அதை மாற்றி வைக்க நினைக்கவே இல்லை. நானா மேசைக்கடியிலிருந்து வெளியே வராமலே சிரித்தார். "அந்தப் பெட்டியில பிழையில்ல தம்பி. நீ படிப்பிச்சதைத்தான் செய்யுது. மறுகா ஒருக்காப் படிப்பி."

பெட்டியை மாற்றி வைத்தேன். அன்று பின்னேரம் நானா வரிசையாகக் கோப்பி போட்டார். நாலாவதைக் குடித்துப் பார்த்து என்னிடம் நீட்டினார். "குடி. முதலாவது மாதிரியே கிடக்கு." மச்சினனும் ஒன்று குடித்தார். காசு மேசைப் பேச்சு அத்தோடு நின்றது. அதன் பிறகு, ஓட்டோக்காரருக்கு மூன்று கரண்டி சீனி போட்டுக் கொடுக்கும்போதும் நானா இலக்கத்தைப் பார்க்காமல் கைப்பிடியைத் தொட்டதில்லை. "கரிஞ்சதைச் சீனி மறைக்கும். ஆனா போட்டவனுக்குத் தெரியுமே" என்பார்.

போர் முடிந்ததாக அறிவித்த நாளில் கடைத்தெரு பூட்டிக் கிடந்தது. எங்கோ பட்டாசு வெடித்தது. என் தம்பி வன்னிக்குள் இருந்தான். மாதக்கணக்கில் அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வீட்டில் அம்மா அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் வெளியே வந்தேன். நானாவின் கடை மட்டும் பாதி திறந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். மெஷினடியிலிருந்து விலகி, "இஞ்சால வா. இண்டைக்கு நீ போடு" என்றார். போய்க் காசு மேசையில் இருந்தார். அந்தக் கதிரையில் அவர் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாடிக்கையாளர் ஒருவரும் வரவில்லை. எனக்கு மீன் குளிராக்கத் தெரியும், கோப்பி போடத் தெரியாது. ஒன்று கசந்தது, ஒன்று தண்ணியாக ஓடியது. அவர் ஒவ்வொன்றையும் அடிவரை குடித்தார். வெளியே மறுபடி வெடித்தபோது என் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. "இலக்கத்தைப் பார் தம்பி. இப்ப வேற ஒண்டையும் பாக்காத" என்றார். பார்த்தேன். இழுத்தேன். பொழுது சாயும்வரை அப்படியே போனது.

என் தம்பி வரவில்லை. இன்றுவரை இல்லை. சலீம் நானாவும் போய்விட்டார். அவர் போட்ட கோப்பியின் ருசியை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அது உங்களிடமே இருக்கட்டும். எனக்கு, நான் போட்ட அந்தக் கசந்த கோப்பியை, காசு மேசையில் இருந்துகொண்டு, முகம் சுளிக்காமல் குடித்த மனிதர் போதும்.