செங்கொடி போட்ட வட்டங்கள்

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் செங்கொடி அந்தப் பொட்டலில் இறங்குகிறார். காலை ஆறரை மணிக்கே கத்திரி வெயில் முதுகைச் சுடுகிறது. ஷிப்ட் முடித்து வந்த கண்கள் சிவந்திருக்கின்றன. "செருப்பு போட்டா காலுக்குக் கண்ணு தெரியாது சார். முட்டை மேலயே மிதிச்சினு போவோம்" என்கிறார். பின்னால் ஷூ காலோடு வந்துகொண்டிருந்த நான் வெட்கப்பட்டுக் கழற்றினேன். பத்தடிக்குள் சரளைக்கல் குத்திக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாற்பத்தேழு வயதுப் பெண், திருவொற்றியூர்க்காரர். எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வருகிற, போகிற பெட்டிகளைக் குறித்துக்கொள்ளும் வேலை. தொழிற்சங்கக்காரரான அப்பா வைத்த பெயர். "கூப்ட்டா ஊர்கோலம் வர்ற மாதிரி இல்ல?" என்று அவரே கிண்டலடிப்பார். யார்டின் பின்சுவரை ஒட்டிய இந்தப் பொட்டலில்தான் கோடை பிறந்ததும் உப்புக்கொத்திகள் முட்டையிடுகின்றன. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பறவை. கூடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. குதிகாலால் அழுத்திய அளவுக்கு ஒரு பள்ளம், அதில் சரளை நிறத்திலேயே மூன்று முட்டைகள்.

வண்ணத்துப்பூச்சிகளையும் விடுவதில்லை. எருக்கு இலையைத் திருப்பித் திருப்பி வெந்தய வரியனின் புழுவைத் தேடுகிறார். போன கோடையில் ஒரே செடியில் பதினாறு பார்த்தாராம். இப்போது இலையெல்லாம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து கிடக்கிறது. விரலால் துடைத்துப் பார்த்துவிட்டு, "துன்றதுக்கே வழியக் காணோம், இன்னாத்துக்கு இங்க வந்து முட்டை வுடப்போவுது?" என்றபடி, யார்டில் பெட்டி எண் குறிக்கும் பழைய சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தப் பூஜ்யத்தை யார் படிக்கப்போகிறார்கள்?

போன வருடம் மே மாதம் நடந்ததை என்னிடம் மூன்று முறை சொல்லிவிட்டார். பொட்டலை மேடாக்க மண் லாரிகள் வரத் தொடங்கிய சமயம். ஒரு சனிக்கிழமை மாலை செங்கொடி சுண்ணாம்புத் தூள் வாங்கி வந்து, ஏழு கூடுகளைச் சுற்றியும் வட்டம் போட்டார். அவருடைய யார்டில் தரையில் வட்டம் இருந்தால், இங்கே பெட்டியை இறக்காதே என்று அர்த்தம். இருபது வருடமாகப் பழகிய வழக்கம். மண் கொட்டுகிறவர்களுக்கோ வட்டம் என்றால், லோடை இங்கேதான் இறக்கு. திங்கட்கிழமை வந்து பார்த்தால், ஏழு வட்டங்களின் மீதும் ஏழு மண் குவியல்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இம்மாம் பெரிய எடம் கீது சார். நான் வட்டம் போடாம வுட்டிருந்தா ரெண்டு கூடாவது பொழச்சிருக்கும். நானே காட்டிக் குட்த்துட்டேன்."

உங்கள் தப்பு இல்லை என்று ஏதோ சொன்னேன். எனக்கே அது சப்பென்று இருந்தது.

இந்த வருடம் இருப்பது ஒரே ஒரு கூடு. பொரிக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறதாம். பக்கத்தில் காவலுக்கு நிற்கவும் வழியில்லை. ஆள் நின்றால் தாய்ப் பறவை வராது, நிழலில்லாமல் முட்டை வெந்துபோகும். மூன்று நாள் வேலையைத் தள்ளிப்போடச் சொல்லி மண் கான்ட்ராக்டரின் ஆபீசில் கேட்டிருக்கிறார். "கோழியா, வாத்தான்னு கேட்டு சிரிக்கிறாங்கோ" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நாங்கள் நூறடி தள்ளி நின்றுகொண்டிருக்கும்போதே மண் லாரி வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் மாதவரத்துத் தீனா. போன வருடத்து ஏழு குவியல்களில் மூன்று அவர் கொட்டியவை. விஷயம் தெரிந்ததும் செங்கொடியைத் தேடி வந்து வருத்தப்பட்ட மனிதர். ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"யக்கா, இன்னிக்கு இந்தாண்டதான் கொட்டச் சொல்லிக்கீறாங்கோ. அது எங்க கீதுன்னு கைய மட்டும் காட்டு. நான் ஒதுங்கிக் கொட்டிட்டுப் போறேன்."

இன்ஜினை அணைக்காமல் காத்திருந்தார். செங்கொடியின் வலது கை இடுப்பளவுக்கு எழுந்தது, ஒரு விரலும் நீண்டது. பிறகு அந்தக் கையை இடது கையால் பிடித்து இறக்கி, இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகி இறுக்கிக்கொண்டார்.